அஞ்சலைக்கு ஒரு ஞானத்தாய்

முதலில் அந்த நாற்காலியைச் சொல்லிவிடுகிறேன்.

காலைப் பூசை முடிந்திருந்தது. கோயிலின் பக்கவாசல் பக்கமிருந்து மீன்கார அஞ்சலை தெருவுக்கு வந்தாள். தலையில் வழக்கமான சும்மாடு. அதன்மேல் மீன்கூடைக்குப் பதிலாக ஒரு மண்டிபோடும் நாற்காலி, நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தபடி. அவளுக்குப் பின்னால் கறுப்புக் குடையுடன் என் மாமியார் செலின் அம்மாள். மாமியாருக்குப் பின்னால், பூசைக்குப் போட்ட முக்காட்டை எடுக்கக்கூடத் தோன்றாமல், நான்.

இந்த ஊர்வலம் முத்தியால்பேட்டைப் பக்கம் திரும்பியது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். ரொட்டிக்கடை வாசலில் நின்ற ஒருவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா அஞ்சலை, மீன உட்டுட்டு நாற்காலி விக்கக் கெளம்பிட்டியா?"

"ஆமாங்க, வாங்கிக்கிறியா? இதுல முள்ளு கெடையாது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் சிரிக்கவில்லை. அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. செபமாலை சொல்கிறார் என்று நினைத்தேன். அது செபமாலை இல்லை என்பது முத்தியால்பேட்டை போன பிறகுதான் தெரிந்தது.

காரைக்காலிலிருந்து நான் புதுச்சேரிக்கு மருமகளாக வந்த கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "உங்கள் மாமியார் அவ்வளவு கடுமையானவரா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கடுமைதான் அம்மா. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் இதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஒரு ஆள்

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். கடலூர்ப் பக்கத்துக்காரர். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் சந்து சந்தாகப் போவார். பழைய சாமியார் வெள்ளைக்காரர். பிரசங்கம் வைத்தால் பாதிப் பேர் தூங்குவார்கள், அவரும் எழுப்பமாட்டார். இவர் வந்ததும் தூக்கம் போயிற்று.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இப்படி ஆரம்பித்தார்: "நீங்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களாகப் பிறந்துவிட்டீர்கள். அதில் உங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சேசுநாதருக்குச் சீடராக ஆனவர் உங்களில் யார்? நீங்கள் சீடராக்கிய ஆள் எங்கே?"

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் கோயிலில் வேதம் என்பது வீடு வாசல் போலப் பரம்பரையாக வருவது. அதைப் போய் இன்னொருவரிடம் யாராவது பேசுவார்களா? ஆனால் அவர் விடவில்லை. மாதா திருநாளுக்குள் வீட்டுக்கு ஒரு ஆளையாவது ஞானோபதேசம், அதாவது வேதபாடம், கேட்க அழைத்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு நடந்த கூத்தில் மாட்டிக்கொண்டவர் பால்காரர் கோவிந்தன். எங்கள் தெருக்காரர்களுக்குத் தினமும் பேசிப் பழகிய வேற்று மதத்து ஆள் என்று பார்த்தால், முதலில் அவர்தான் நினைவுக்கு வருவார். எல்லா வீட்டுக்காரர்களும் ஒரே சமயத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மாதா படம், அடுத்த வீட்டில் சூசையப்பர் படம், எதிர்வீட்டில் ஒரு செபமாலை. மனிதர் எல்லாவற்றையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் வரிசையாக மாட்டிவைத்தார். "கொட்டாயி நல்லா வெளிச்சமா இருக்குதும்மா. ஆனா நான் முருகனுக்கு எழுதிக் குடுத்த ஆளு" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து யாரும் எழுந்திருக்கும் முன்பே பாலை ஊற்றிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

என் மாமியார் யாரையும் தேடிப் போகவில்லை. "அவனவன் சாமி அவனவனுக்கு. எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

பக்கவாசலில் இறக்கிய கூடை

யாரும் தேடாத ஒருத்தி தானாக வந்தாள். அதுதான் அஞ்சலை.

குப்பத்தில் மீன் எடுத்து, கடற்கரையோரமாக நடந்து வந்து, எங்கள் தெருக்களில் விற்பவள். வழியில் கோயிலின் பக்கவாசலுக்கு வெளியே கூடையை இறக்கிவைத்து, நிழலில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வாள். உள்ளே நடக்கும் பிரசங்கம் அவள் காதிலும் விழும்.

ஒருநாள் எங்கள் பின்கட்டு வாசலில் உட்கார்ந்து சங்கராவைச் செதில் உரித்துக்கொண்டே கேட்டாள்: "சின்னம்மா, ஒங்க சாமி மொதமொதல்ல கூப்புட்டது மீன் புடிக்கிறவங்களயாமே? நெசந்தானா?"

"நெசந்தான்."

"அப்பறம் ஏன் உள்ள ஒரு மீன்காரியும் இல்ல? ஆரு தொரத்தி உட்டீங்க?"

அடுப்பில் கருகுகிற வாசனை வருகிறது என்று பொய் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அவள் நேரே சாமியாரிடம் போய் அதையே கேட்டிருக்கிறாள். பிறகு அவளாகவே, "நானும் வரேன் சாமி, இன்னா செய்யணும் சொல்லு" என்று நின்றிருக்கிறாள். புருஷன் காத்தவராயனையும் கூப்பிட்டு சாமியார் விசாரித்தார். "எனக்கு மாரியாத்தா போதுங்க. அது எங்கியாவது போயி நிம்மதியா இருந்தா எனக்கும் நிம்மதி" என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியான வேளைகளில், கூடை காலியான பிறகு, உபதேசியார் அவளுக்கு மந்திரங்கள் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் செபத்தை அப்போதெல்லாம் மந்திரம் என்றுதான் சொல்வோம். பரலோக மந்திரத்தை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டாள். விசுவாச மந்திரம் மட்டும் நீளமாக இருக்கிறது என்று உபதேசியாரிடம் பேரம் பேசினாள். "இம்மாம் நீளமா? கொஞ்சம் கொறச்சிக்கக் கூடாதா?" என்று அவள் கேட்டதை உபதேசியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஆனி மாதத்துக்குள் அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

எல்லாரும் பின்வாங்கினார்கள்

அஞ்சலை ஞானோபதேசம் கேட்கிறாள் என்ற செய்தி பரவியதும் பார்க்கவேண்டுமே! "நான்தான் அவளுக்கு முதலில் சிலுவை போடச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார் பிரெஞ்சுக்காரர்களிடம் சைகோனில் வேலை பார்த்த பென்ஷன்காரர் வீட்டம்மா. "எங்கள் வீட்டில் குடித்த தண்ணீர்தான் அவளை மாற்றியது" என்றார் இன்னொருவர். அஞ்சலை அந்த வீட்டில் தண்ணீர் குடித்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு சாமியார் பெண்களை நிறுத்திவைத்துக் கேட்டார்: "திருநாளுக்கு முந்தின நாள் காலையில் அஞ்சலைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக யார் நிற்கிறீர்கள்?"

எல்லாரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். கூரையில் இருந்த புறாக்கள் பேசிக்கொண்டது நன்றாகக் கேட்டது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் ஞானத்தாய் என்றால் சும்மா இல்லை. அது உறவு. ஞானமகள் முன்வாசல் வழியாக வருவாள். கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கவேண்டும். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள் வரிசையில் இலை போடவேண்டும். பின்கட்டில் மீன் வாங்குகிற கைக்கு இது பெரிய தூரம்.

ஒருவருக்கு மூட்டுவலி வந்தது. ஒருவருக்கு அந்த வாரம் பார்த்துத் தம்பி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. சைகோன் பென்ஷன்காரர் வீட்டம்மாவுக்கு ஏற்கெனவே ஞானப்பிள்ளைகள் அதிகமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நானே நிற்கிறேன் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பின்னால் தூணோரம் நின்ற அஞ்சலையே பேசிவிட்டாள்.

"சாமி, எனக்கு செலின் பெரியம்மாதான் வேணும். அவங்க நின்னா நான் நிக்கிறேன். இல்லாட்டிப் போனா எனக்கு வேணாம். யாரோ ஒருத்தவங்க மூஞ்சியச் சுளிச்சிக்கினு கைய வெக்கிறதுக்கு நான் ஏன் போயி நிக்கணும்?"

எல்லாக் கண்ணும் என் மாமியார் மேல் திரும்பின. அவர் தன் நாற்காலியின் முதுகுப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐப்பசியில் ஒரு கரை

அஞ்சலை ஏன் அவரைக் கேட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். என் மாமியார் அவளுக்கு ஒரு மந்திரமும் சொல்லிக்கொடுத்ததில்லை. தினமும் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது மீனா, செருப்பா?" என்று சண்டை போட்டவர் அவர்.

ஆனால் முந்தின ஐப்பசியில் ஒரு பெருங்காற்று அடித்தது. காத்தவராயன் போன கட்டுமரம் திரும்பவில்லை. காலையில் மீன் வரவில்லையே என்று விசாரித்த மாமியாருக்கு விஷயம் தெரிந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். மணலில் அஞ்சலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது அவருக்கு. குடையை மட்டும் அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பாதி மழை இவர் முதுகில்.

இரண்டு பகலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நான் ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் காத்தவராயன் வந்தார், கடல் வழியாக இல்லை. துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்! காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போய் அங்கே கரையேற்றியிருக்கிறது. அஞ்சலை அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் மாமியார் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பஸ் ஏறுமுன்னே சாப்பிட்டாயோ?" என்று கேட்டார். அவர் சாப்பிட்டேன் என்றதும், "இவ இங்க ரெண்டு நாளா பட்டினி கிடக்கா, உனக்கு அங்க சோறு கேக்குதா?" என்று பிடித்தார் பாருங்கள், கடலே அடங்கிப் போயிருக்கும்.

ஆளே வந்து நிற்கிறாள்

இப்படிப்பட்டவர் ஞானத்தாயாக நிற்பதில் என்ன தடை? தடை அந்த நாற்காலிதான்.

பழைய குடும்பங்களுக்குக் கோயிலில் சொந்த நாற்காலி இருந்த காலம் அது. தாழ்ந்த பலகையில் முழங்காலை ஊன்றலாம். திருப்பிப் போட்டால் உட்காரலாம். என் மாமியாரின் தாயார் காலமானதும் அவருடைய நாற்காலிக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் செலின், இளையவர் லூசி. தாயாருக்காக வைத்த பூசையன்று மூத்தவர் முதலில் வந்து அதில் மண்டியிட்டுவிட்டார். பிறகு வந்த இளையவர், அக்காவைப் பார்த்துவிட்டு, பூசை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாராம். அன்றோடு பேச்சு நின்றது. அக்கா முதல் பூசை, தங்கை இரண்டாம் பூசை என்று ஆயிற்று.

தங்கையோடு சமாதானமாகாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வராதே என்று பழைய சாமியார் அப்போதே சொல்லிவிட்டார். தங்கைக்கும் அதே கதிதான். பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறாதவருக்குப் பூசையில் நன்மை அப்பம் கிடையாது. அதன்பிறகு என் மாமியார் ஒருநாளும் நன்மை வாங்கியதில்லை. ஊரே எழுந்து நன்மை வாங்கப் போகும்போது, முதல் வரிசையில் இவர் மட்டும் அந்த நாற்காலியில் அசையாமல் இருப்பார். மருமகளாக வந்த முதல் ஞாயிறு, விஷயம் தெரியாமல் நான் அவர் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை.

நன்மை வாங்காதவர் ஞானத்தாயாக நிற்கமுடியாது. இதுதான் சிக்கல்.

அன்று சாயங்காலம் சாமியார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். மாமியார் முந்திக்கொண்டார்: "நான் அவளைக் கூப்பிடவே இல்லை சாமி. ஆளைப் பிடிக்கிற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம்."

சாமியார் காப்பியை நிதானமாகக் குடித்தார். பிறகு சொன்னார்: "மற்றவர்களை ஆள் தேடிக் கொண்டுவரச் சொன்னேன், ஒருவராலும் முடியவில்லை. உங்களிடம் ஆளே வந்து நிற்கிறாள். இனி நீங்கள் வரவேண்டியதுதான் பாக்கி."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திருநாள் கொடியும் ஏறியது. அஞ்சலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகமெல்லாம் கலவரம்.

"சின்னம்மா, பெரியம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? சொன்ன வெலைக்கே வாங்கிட்டாங்க. நேத்தும் அப்பிடித்தான். எனக்கு பயமா இருக்குது."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அஞ்சலை திரும்பிப் போய்விடுவாள். அவள் கேட்ட கேள்விக்கு நாங்களே பதிலாக நின்றுவிடுவோம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்தது. மாமியார் எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கவாசலுக்கு வந்தார். வெளியே அஞ்சலை கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சலை, கூடையை உபதேசியார் வீட்டில் வைத்துவிட்டு வா. சும்மாடு இருக்கிறதல்லவா?"

ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஏற்றலாமே என்றேன். கால் உடைந்துவிடுமாம்.

முத்தியால்பேட்டை வாசல்

லூசி சின்னம்மாவின் வீட்டுக் கதவை நான்தான் தட்டினேன். திறக்க வெகுநேரம் ஆயிற்று. அஞ்சலை நாற்காலியைத் தெருவிலேயே இறக்கிவைத்தாள்.

கதவு திறந்தது. அதே மூக்கு, அதே முறைப்பு. என் மாமியாரைக் கொஞ்சம் சின்னதாகச் செய்தமாதிரி ஒரு கிழவி, கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். முதலில் நாற்காலியைப் பார்த்தார், பிறகு அக்காவை. அக்கா தங்கையைப் பார்த்தார். அவ்வளவுதான். வாயைத் திறக்க இருவருக்கும் மனம் வரவில்லை. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அஞ்சலை சொன்னாள்: "ரெண்டு பேரும் பேசுறீங்களா, இல்ல நான் போவட்டுமா? வெயில் ஏறுது, மீன் கெட்டுப் போவும்."

என் மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பர்தோன், லூசி" என்றார்.

வழியெல்லாம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது இதைத்தான். எங்கள் வீடுகளில் தமிழில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. பிரெஞ்சில் கேட்டால் கேட்டமாதிரியும் இருக்கும், கேட்காதமாதிரியும் இருக்கும்.

லூசி சின்னம்மாவின் முகம் உடைந்தது. "இத இப்ப கொண்டாந்து நான் என்னக்கா செய்ய? எனக்கு முட்டி மடங்கியே நாலஞ்சு வருஷமாச்சு."

"எனக்கும்தான் மடங்கல" என்றார் என் மாமியார். "மடங்குறமாதிரி சும்மா சாஞ்சுக்கினு இருக்கேன்."

ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள்! என் மாமியாருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, அது அழுகையாக மாறி, அக்கா வாசற்படி ஏற, தங்கை கம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. களைத்துப்போன அஞ்சலை, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நடுத்தெருவில் அதில் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அக்காவும் தங்கையும் ஒரே வண்டியில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். என் மாமியார் கூண்டுக்குள் போய்ச் சீக்கிரமே வந்துவிட்டார். "இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம்!" என்று என்னிடம் கேட்டார், நான்தான் தடுத்துவைத்திருந்தமாதிரி.

முன்வாசல்

ஞானஸ்நானத்துக்கு முன்பு பெயர் வைப்பதில் சகோதரிகளுக்குள் மறுபடியும் சண்டை வரப்பார்த்தது. ஒருவர் மதலேன் என்றார், ஒருவர் தெரேஸ் என்றார். அஞ்சலைதான் முடித்துவைத்தாள். "முன்னால எது வேணா போட்டுக்குங்க. பின்னால அஞ்சலை இருக்கணும். இல்லாட்டி குப்பத்துல கூப்புட்டா எனக்குக் காது கேக்காது." மரி அஞ்சலை என்று வைத்தார்கள்.

ஞானஸ்நானத் தொட்டியருகே அவள் நிற்க, என் மாமியார் வலது கையை அவள் தோளில் வைத்தார். கை பட்டும் படாமலும் இருந்தது. அஞ்சலை தலையைத் திருப்பி, "அழுத்திப் புடிங்க பெரியம்மா, ஓடமாட்டேன்" என்று கிசுகிசுத்தாள். கடைசி வரிசையில் வெள்ளை வேட்டியும் கட்டிய கையுமாக காத்தவராயன் நின்றார். பூசையில் அஞ்சலைக்கு முதல் வரிசையில் இடம், லூசி சின்னம்மா கோயிலுக்கே திருப்பி அனுப்பிய அந்த நாற்காலியிலேயே. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. என் மாமியார் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். முணுமுணுப்பு நின்றது.

பிறகு நன்மை வாங்கும் நேரம் வந்தது. அஞ்சலையின் ஒரு கையை அக்காவும் மறு கையைத் தங்கையும் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று தெரியவில்லை. நான் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். அத்தனை நிம்மதி.

திருநாள் ஆரவாரமெல்லாம் முடிந்த மறுநாள் காலை, பின்கட்டில் வழக்கமான குரல் கேட்டது: "மீனேய்!"

மாமியார் அடுப்படியிலிருந்தே கத்தினார்: "ஏண்டி, உனக்கு அறிவில்லையா? முன்னால வா."

அஞ்சலை சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். கழுவிவிட்ட சிவப்புத் தரையில் கூடைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடத்துக்குள் வந்து நின்றாள். என் கணவர் ஆபீசுக்குப் போட்ட சட்டையோடு ஒதுங்கிக்கொண்டார். தெருவில் இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவள் விழித்தாள். மாமியார் கூடத்து நாற்காலி ஒன்றைக் காட்டினார். உட்கார்ந்தாள். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் முதல் வாய் குடிக்கும்வரை மாமியார் பொறுத்தார். பிறகு குனிந்து, கூடையில் ஒரு வஞ்சிரத்தை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"ஞானமகளா இருந்தா எனக்கென்ன? இது நேத்து மீன்."

அஞ்சலையின் முகம் மலர்ந்துபோயிற்று. காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "கண்ணப் பாருங்க பெரியம்மா, கண்ண! காலைல கடல்ல நீந்திக்கினு இருந்துச்சு!"

முன்வாசல் திறந்தே கிடந்தது. அவர்கள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.